செய்தித்தாள் ஆசிரியன் கவனிக்காத செய்தி

நீங்கள் கேட்டது இது: தள்ளாடும் ஒரு திருமணம், அதற்குள் வந்து சேரும் மூன்றாவது ஒருவர், இதை வைத்து எழுதப்பட்ட, மனத்தை உண்மையாகவே அசைக்கும் காதல் நாவல் ஒன்றைச் சொல்ல முடியுமா? படித்தவற்றில் கணவன் கொடியவனாக இருக்கிறான், இல்லையென்றால் வந்தவன் கயவனாக இருக்கிறான், அதுவும் இல்லையென்றால் மனைவி கடைசி அத்தியாயத்தில் தண்டனை அனுபவிக்கிறாள். யாரையும் கூண்டில் ஏற்றாமல் எழுதியவர் யாராவது உண்டா?

உண்டு. தாகூர் 1901இல் ‘பாரதி’ என்ற வங்காளப் பத்திரிகையில் எழுதிய ‘நஷ்டநீர்’ என்ற குறுநாவல். ‘நீர்’ என்பதைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடு என்று பொருள்படும் ‘நீடம்’ என்ற வடசொல் வங்காளிகள் வாயில் அப்படி ஒலிக்கிறது. சிதைந்த கூடு. இருபதே சிறு அத்தியாயங்கள். மதியம் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் முடித்துவிடலாம். நான் முதலில் படித்தது திருமணத்துக்கு முன்பு. அப்போது அமல் என்கிற இளைஞன் மீதுதான் கோபம் வந்தது, ஓடிப்போன கோழை என்று. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது வேறு ஒரு கதை அதற்குள் இருந்தது. அந்த இரண்டாவது வாசிப்பிலிருந்துதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

கதை முழுவதையும் சொல்லப் போகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் சுவை குறைந்துவிடும் வகையான கதை அல்ல இது.

கல்கத்தா. பூபதி வசதியான வீட்டுப் பிள்ளை; சம்பாதிக்க வேண்டிய தேவை இல்லை. ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆசை. மைத்துனன் உமாபதி ஒரு வக்கீல். நீயே ஆங்கிலப் பத்திரிகை ஒன்று தொடங்கு என்று ஏற்றிவிடுகிறான். பூபதி தொடங்கிவிடுகிறான், அதற்குள்ளேயே முழுகியும் போகிறான். அவன் மனைவி சாருலதா சிறுமியாக அந்த வீட்டுக்கு வந்தவள். பத்திரிகை வளர்கிற காலத்தில் அவளும் வளர்கிறாள். இந்த இடத்தில் தாகூர் சொல்வதை என் வார்த்தைகளில் சொல்கிறேன்: சிறுமியாக வந்த மனைவி மெல்ல மெல்லப் பருவப் பெண்ணாகிவிட்டாள் என்ற பெரிய செய்தியை, செய்தித்தாள் ஆசிரியன் சரியாகக் கவனிக்கவில்லை, இந்திய அரசாங்கத்தின் எல்லைக் கொள்கை கட்டுமீறிப் போகிறதே என்பதுதான் அவனுடைய முழுக் கவலையாக இருந்தது.

நாவலின் முழு விதையும் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது. பூபதி குடிப்பவன் அல்ல, அடிப்பவன் அல்ல, வேறு பெண்ணைத் தேடிப் போகிறவனும் அல்ல. அவன் நல்லவன், எவரையும் நம்புகிறவன். ஒரே வீட்டுக்குள் வெளிக்கட்டில் அவன் ப்ரூஃப் திருத்திக்கொண்டிருக்கிறான். உள்கட்டில் அவள் பொழுதைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள். செல்வமான வீடு என்பதால் அவளுக்குச் செய்ய வேலை கூட இல்லை. காய் நறுக்கவும் தண்ணீர் எடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். வேலை அதிகமாகி நொந்துபோகும் மனைவியை நம் கதைகளில் நிறையப் பார்த்திருக்கிறோம். வேலையே இல்லாமல், பூத்து மட்டும் நிற்கிற ஒரு மரத்தைப் போல இருக்கும் மனைவியைப் பற்றி எழுத வேறு வகையான கண் வேண்டும்.

உறவுக்காரப் பெண்மணி ஒருவர் பூபதியைக் கடிந்துகொள்கிறார். அவன் உடனே ஒப்புக்கொள்கிறான்: ஆமாம், சாருவுக்குத் துணை வேண்டும்தான். அதற்கு அவன் செய்யும் ஏற்பாட்டைப் பாருங்கள். மைத்துனன் உமாபதியின் மனைவி மந்தாகினியை வீட்டுக்கு வரவழைத்துத் தங்க வைக்கிறான். துணை என்றால் நான்தானே என்ற எண்ணம் அவனுக்கு எட்டவே இல்லை. அச்சகத்தில் ஆள் போதவில்லையா, இன்னொருவரைச் சேர். வீட்டில் பேச்சுத் துணை போதவில்லையா, இன்னொருவரைச் சேர். அன்போடுதான் செய்கிறான். அதனால்தான் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அமல் பூபதியின் அத்தை மகன். அந்த வீட்டிலேயே தங்கிக் கல்லூரியில் படிக்கிறான். சாருவுக்குப் படிப்பில் ஆர்வம் உண்டு, அவன் சொல்லிக்கொடுக்கிறான். சொல்லிக்கொடுத்ததற்குக் கூலியாக விதவிதமாகக் கேட்டு அடம் பிடிக்கிறான். தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நம்மில் பல குடும்பங்களில் அண்ணி என்றால் தாய்க்குச் சமம். கொழுந்தன் எதிரே வந்தால் பேச்சு அளவோடு நிற்கும். வங்காளத்தில் அந்த உறவுக்குக் கேலி பேசும் உரிமை உண்டு. அண்ணியும் கொழுந்தனும் வம்பு பேசலாம், சண்டை போடலாம், ஊடல் கூடக் கொள்ளலாம். யாரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். ஆகையால் அந்த வீட்டில் நடக்கும் எதுவும் எவருக்கும் தவறாகத் தெரியவில்லை. அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு காட்சி. அமலின் கல்லூரியில் படிக்கும் பெரிய இடத்து மாப்பிள்ளை ஒருவன் கையால் பின்னிய கம்பளிச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறான். எனக்கும் அதுபோல வேண்டும் என்கிறான் அமல். உட்கார்ந்து உனக்குச் செருப்புப் பின்னுவதுதான் எனக்கு வேலையா என்று சாரு மறுத்துவிடுகிறாள். பிறகு ஒருநாள் அவன் கல்லூரியிலிருந்து வந்து சாப்பிட உட்காருகிறான். தட்டு பித்தளை மூடியால் மூடியிருக்கிறது. திறந்தால் உள்ளே சோறு இல்லை. புதிதாகப் பின்னிய ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு. எத்தனை பகல்களை அவள் அதில் செலவழித்திருப்பாள், யாருக்கும் தெரியாமல் எங்கே ஒளித்து வைத்துப் பின்னியிருப்பாள் என்று தாகூர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மூடியைத் திறந்து காட்டுகிறார், அவ்வளவுதான். அடுத்து அவன் கழுத்துக்கு ஒரு கம்பளித் துண்டு கேட்கிறான். கேட்பதற்கு ஒருவன் இருக்கிறான் என்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கிறது. அந்த வீட்டில் வேறு யாரும் அவளிடம் எதையும் கேட்பதே இல்லை.

பிறகு தோட்டம். உள்கட்டுக்குப் பின்னால் கவனிப்பாரற்ற ஒரு துண்டு நிலம். அதில் தோட்டம் போடுவதாக இருவரும் திட்டம் தீட்டுகிறார்கள். குளம், அன்னம், குடிசை என்று வரைபடத்தில் நாளுக்கு நாள் ஏதாவது கூடுகிறது. செலவைக் கூட்டிப் பார்த்தால் கட்டுப்படியாகவில்லை. அண்ணாவிடம் கேட்டால் பணம் தருவாரே என்கிறான் அமல். சாரு உடனே தடுக்கிறாள்: அப்புறம் அதில் என்ன சுவை இருக்கிறது, நாம் இருவரும் சேர்ந்து போடவேண்டிய தோட்டம் அல்லவா! கணவனிடம் கேட்டால் கிடைத்துவிடும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்டுப் பெற்ற தோட்டம் அவளுக்கு வேண்டாம். அந்தத் தோட்டம் கடைசிவரை போடப்படவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து கற்பனை செய்த ஓர் இடத்துக்குள் மூன்றாவதாக ஒருவரை விடமாட்டேன் என்கிறாள். கவனியுங்கள், இந்தக் கணக்கில் மூன்றாவது ஆள் பூபதி.

உங்கள் கேள்வியில் இருக்கும் ‘மூன்றாவது ஒருவர்’ என்ற சொல்லையே இந்த இடம் புரட்டிப் போடுகிறது. யார் முதல் இருவர், யார் மூன்றாமவர் என்பது தாலியை வைத்து முடிவாவதில்லை என்று தாகூர் 1901இல் எழுதிவிட்டார். எந்தப் பிரசங்கமும் செய்யாமல், தோட்டத்தின் செலவுக் கணக்கை வைத்து எழுதிவிட்டார்.

இனி நாவலின் உயிர்நிலைக்கு வருகிறேன். இதைத்தான் பலர் போகிற போக்கில் தாண்டிவிடுகிறார்கள். இந்தக் கதையில் உடல் சார்ந்த மீறல் எதுவும் கிடையாது. இருவருக்கும் இடையே இருப்பது எழுத்து நோட்டு. அமல் எழுதத் தொடங்குகிறான். ‘என் நோட்டு’ என்ற தன் முதல் கட்டுரையை மரத்தடியில் சாருவுக்குப் படித்துக் காட்டுகிறான். அவளைப் பொறுத்தவரை அது அவர்கள் இருவருக்கான எழுத்து. எழுதுபவன் ஒருவன், கேட்பவள் ஒருத்தி. அதற்கு வெளியே உலகம் தேவையில்லை. அமல் அதைப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறான். அச்சில் வந்துவிடுகிறது. பெருமையோடு கொண்டுவந்து காட்டுகிறான். வாழ்த்திச் சொல்ல வாய் வந்தாலும் அவளுக்குள் ஏதோ ஒன்று அறுந்துவிடுகிறது. தனக்கு மட்டும் படித்துக் காட்டியதை இனி ஊரே படிக்கும். வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள், புகழ்வார்கள். மந்தாகினி கூட உட்கார்ந்து கேட்கத் தொடங்குகிறாள்.

சாரு தானும் எழுதிப் பார்க்கிறாள். அமல் ‘ஆடி மாதத்து நிலா’ என்று எழுதியிருந்தான். இவள் ‘ஆவணி மேகம்’ என்று எழுதுகிறாள். எழுதி முடித்துப் பார்த்தால் அச்சு அசலாக அமலின் நடை. நிலாவுக்குப் பதில் மேகம் வந்திருக்கிறது, மற்றதெல்லாம் அவனுடையது. கிழித்துவிட்டு, தன் பிறந்த ஊரில் இருந்த காளி கோயிலைப் பற்றி எழுதுகிறாள்: ‘காளிதலா’. முதல் சில வரிகளில் அமலின் ஆடம்பரம் தொற்றிக்கொண்டிருக்கிறது; போகப்போகத் தன் ஊரின் எளிய பேச்சு தானாகவே வந்துவிடுகிறது. ஒரு பெண் தன் குரலைக் கண்டுபிடிக்கும் கணத்தை இதைவிட நுட்பமாக எழுதிய பக்கங்கள் என் வாசிப்பில் வெகு சில.

ஆனால் அவளுக்கு எழுத்தாளராகும் ஆசை இல்லை. அவள் கேட்பது வேறு: கையால் எழுதிய ஒரு பத்திரிகை நடத்தலாம், இரண்டே பிரதிகள், ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. அமல் அதற்கு ‘சாருபாட்’ என்று பெயர் வைக்கலாம் என்கிறான். அவள் பெயரும் அதில் இருக்கிறது, வங்காளப் பிள்ளைகள் பள்ளியில் படித்த ஒரு பாடநூலின் பெயரும் அதுவே. இல்லை, இதன் பெயர் ‘அமலா’ என்கிறாள் சாரு. பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறாள். அமலோ மறுபடியும் பழைய தவற்றையே செய்கிறான்: அவளுக்குத் தெரியாமல் அவள் கட்டுரையையும் அச்சுக்குக் கொடுத்துவிடுகிறான். ஒரு விமர்சகர் இருவர் எழுத்தையும் ஒப்பிட்டு, அமலின் நடையைக் குறை சொல்லி, சாருவின் நடையைப் புகழ்ந்து எழுதுகிறார். பூபதிக்கு ஒரே மகிழ்ச்சி. மனைவி எழுதியதை ஊர் பாராட்டுகிறதே! சாருவுக்கோ அந்தப் புகழில் ஒரு துளி இனிப்பு கூட இல்லை. இரண்டு பிரதி மட்டும் என்றிருந்தது ஊர்ச் சொத்தாகிவிட்டது, அதன் பலனாக இருவருக்கும் இடையே ஒப்பீடு என்ற கத்தியும் வந்து விழுந்துவிட்டது.

இந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் சிலப்பதிகாரத்துக் கானல்வரி நினைவுக்கு வந்துவிடும். கோவலனும் மாதவியும் பிரிவது சண்டையால் அல்ல, கலையால். கடற்கரையில் யாழை வாங்கி அவன் வேறொருத்தியை நினைத்தவன் போலப் பாடுகிறான். அவள் வேறொருவனை நினைத்தவள் போலப் பதில் பாட்டுப் பாடுகிறாள். பாட்டை அவன் உண்மை என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். ஒருவரை ஒருவர் அடைய உதவிய கலையே பிரிவதற்கும் வாயிலாகிவிடுகிறது. தாகூருக்கு அந்தக் காப்பியம் நினைவில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. இந்த உண்மையை இளங்கோ ஒரு கடற்கரையில் கண்டார், தாகூர் ஒரு நோட்டில் கண்டார்.

இதற்குள் பூபதியின் காலடி மண் சரிந்துகொண்டிருக்கிறது. பத்திரிகைக் கணக்கு வழக்கு முழுவதையும் மைத்துனன் உமாபதியின் கையில் விட்டிருந்தான். அவன் மோசடி செய்து கடனில் மூழ்கடித்துவிட்டான். எல்லோரையும் நம்பிய மனிதன் ஒரே நாளில் நிலைகுலைந்து போகிறான். பணத்தைவிட நம்பிக்கை போனதுதான் அவனை வதைக்கிறது. ஆறுதல் தேடி, வாழ்க்கையில் முதல்முறையாக, அவன் உள்கட்டுக்கு வருகிறான். சாரு அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த நோட்டை அவசரமாக மறைத்துவைக்கிறாள். அவனுக்குச் சுருக்கென்கிறது. என்னிடம் மறைக்க இவளுக்கும் ஏதோ இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விடுகிறான்.

அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அமல் கேட்கிறான்: அண்ணா, உடம்பு சரியில்லையா? பூபதியின் கண் கலங்கிவிடுகிறது. பிறகு அமல் சாருவிடம் வந்து, அண்ணாவுக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கிறான். அவள் சொல்லும் பதிலை என்னால் மறக்க முடியவில்லை: எனக்கு ஒன்றும் தெரியவில்லையே, வேறு ஏதாவது பத்திரிகையில் அவரைத் திட்டி எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது.

முதல் அத்தியாயத்தைத் திரும்பிப் பாருங்கள். மனைவி வளர்ந்ததை அன்று அவன் கவனிக்கவில்லை. கணவன் உடைந்ததை இன்று இவள் கவனிக்கவில்லை. அன்று அவன் கண்ணை மறைத்தது செய்தித்தாள். இன்று இவள் சொல்லும் சமாதானமும் செய்தித்தாள்தான். யாரையும் கூண்டில் ஏற்றாமல் எழுதியவர் உண்டா என்று கேட்டீர்களே, தாகூர் அதைச் செய்த விதம் இது. சாருவுக்காக நாம் வாதாடிக்கொண்டே வரும் வேளையில், பூபதி அனுபவிக்கும் தனிமையை அவள் கையாலேயே உண்டாக்கிக் காட்டிவிடுகிறார். இரண்டாவது வாசிப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து வெளியே நடந்தது இந்த இடத்தில்தான். என் வீட்டில் இருப்பவர்களின் முகத்தை நான் கடைசியாக எப்போது நிமிர்ந்து பார்த்தேன் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அமலுக்கு அந்தக் கணத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. அண்ணா உடைந்து நிற்கிறார். பக்கத்தில் இருப்பவளுக்கு அது கண்ணில் படவே இல்லை. அவள் கண் எங்கே இருக்கிறது என்பதும் அவனுக்கு இப்போது புரிகிறது. இருட்டில் மின்னல் வெட்டி, தான் நிற்பது பாறை விளிம்பு என்று தெரிந்துகொண்டவனைப் போல அவன் பின்வாங்குகிறான். பர்த்வானைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் தன் பெண்ணைக் கொடுத்து, மாப்பிள்ளையைச் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைக்கத் தயாராக இருக்கிறார். அமல் உடனே சம்மதிக்கிறான். கல்யாணம் நடக்கிறது, கப்பலும் ஏறிவிடுகிறான். இதைத்தான் கோழைத்தனம் என்று இளம் வயதில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. வேறு எதைச் செய்திருந்தாலும் அந்த வீடு அன்றைக்கே இடிந்திருக்கும். ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை இல்லாததுதான் சாருவைப் பின்னால் அரித்துத் தின்கிறது.

வழக்கமான ஒரு நாவல் இந்த இடத்தில் முடிந்திருக்கும். மூன்றாமவர் போய்விட்டார், தம்பதி சேர்ந்துவிட்டார்கள், சுபம். ‘நஷ்டநீர்’ கனக்கத் தொடங்குவதே இதற்குப் பிறகுதான். பத்திரிகையை மூடிவிட்ட பூபதி தன் வாழ்க்கையை மனைவியிடம் கொண்டுவந்து வைக்கிறான். இவ்வளவு நாள் எங்கே இருந்தேன் என்று வியந்து, இனி இவள்தான் என் வீடு என்று வருகிறான். அவளுக்கு இலக்கியம் பிடிக்கும் என்பதால், வாழ்நாள் முழுக்க ஆங்கிலத்தில் எழுதியவன் வங்காள மொழியில் கட்டுரை எழுதப் பழகுகிறான். அதைப் படிக்கையில் அழாமல் இருப்பது கடினம். அவன் நீட்டும் ஒவ்வொரு பக்கமும் அவளுக்கு வேறொருவன் நீட்டிய பக்கத்தை நினைவூட்டும் என்று அவனுக்குத் தெரியாது.

சாரு முதலில் தன்னோடு போராடுகிறாள், தோற்கிறாள். பிறகு தன் மனத்துக்குள் ஓர் இருட்டறை கட்டிக்கொள்கிறாள். வெளியே குடும்பத்தலைவியாகக் கணவனுக்கு எந்தக் குறையும் வைக்காமல் நடந்துகொள்கிறாள், முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே கவனிக்கிறாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அமலின் நினைவுக்கு விளக்கேற்றுகிறாள். பூபதிக்கு அந்தக் கவனிப்பு இன்பமாக இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று அவன் கேட்கவில்லை.

அமலிடமிருந்து கடிதம் வரவில்லை. உடம்புக்கு ஏதேனும் ஆகிவிட்டதோ என்ற பயம் சாருவைத் தின்கிறது. கணவனுக்குத் தெரியாமல் தன் நகையைக் கொடுத்துப் பணம் புரட்டி, பதிலுக்கும் சேர்த்து முன்பணம் கட்டி, சீமைக்குத் தந்தி கொடுக்கிறாள். பதில் தந்தி பூபதியின் கையில் கிடைக்கிறது. நலமாக இருக்கிறேன், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. யாரும் கேட்காமல் ஒருவன் எதற்காகக் கடல் தாண்டி, நலம் என்று தந்தி அடிக்க வேண்டும்? பூபதி யோசிக்கிறான். யோசித்து யோசித்து உண்மைக்கு வந்துசேர்கிறான். உலகத்துச் செய்திகளையெல்லாம் தந்தி மூலம் பெற்று அச்சிட்ட மனிதனுக்குத் தன் வீட்டுச் செய்தியும் கடைசியில் தந்தியாகவே வந்து சேர்கிறது.

சினம் கொண்டு கத்துவான் என்று எதிர்பார்ப்போம். அவன் செய்வதில்லை. இவ்வளவு வேதனையை ஒளித்துக்கொண்டு இவள் தினமும் எனக்குச் சோறு பரிமாறியிருக்கிறாளே என்று முதலில் அவள் மீதுதான் இரக்கம் வருகிறது. அதற்குப் பிறகுதான் தன் வலி தெரிகிறது.

இந்தக் கதையைத் தாகூரின் சொந்த வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுப் பேசுபவர்கள் நிறைய. அண்ணன் ஜோதிரிந்திரநாத்தின் மனைவி காதம்பரி தேவி தாகூரைவிட இரண்டு வயது மூத்தவர்; சிறு வயதுத் தோழி, அவருடைய முதல் வாசகி என்றே சொல்லலாம். 1883 டிசம்பரில் தாகூருக்குத் திருமணம் ஆயிற்று. 1884 ஏப்ரலில் காதம்பரி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இழப்பு தாகூரின் எழுத்தில் கடைசிவரை இருந்தது என்பதில் ஐயம் இல்லை. ஆனால் சாரு என்றால் காதம்பரி, அமல் என்றால் தாகூர் என்று கோடு போட்டுச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. இறந்துபோன ஒரு பெண்ணின் மனத்துக்குள் நாம் இஷ்டம்போல நுழைவது ஒருபுறம். அதைவிட, இந்த நாவலில் ஆசிரியர் அதிகம் நெருங்கி நிற்பது பூபதிக்குப் பக்கத்தில் என்று எனக்குத் தோன்றுகிறது. வாக்குமூலம் எழுத உட்கார்ந்தவர் அங்கே போய் நின்றிருக்க மாட்டார்.

சத்யஜித் ராய் 1964இல் இதை ‘சாருலதா’ என்று படமாக எடுத்தார். அடுத்த ஆண்டு பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி அதற்குக் கிடைத்தது. மாதபி முகர்ஜி சாரு, சௌமித்ர சட்டர்ஜி அமல், சைலன் முகர்ஜி பூபதி. படத்தின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். சாரு கைக்குட்டையில் ஓர் எழுத்தைப் பின்னிக்கொண்டிருக்கிறாள். பிறகு கைப்பிடி வைத்த சிறிய தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய், தெருவில் போகிறவர்களை மரச் சட்டங்களின் இடுக்கு வழியாகப் பார்க்கிறாள். பூபதி ஒரு புத்தகத்தில் கண்ணைப் பதித்தபடி அவளைத் தாண்டிப் போகிறான்; அவள் அங்கே நிற்பதே அவனுக்குத் தெரியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் போகிற கணவனின் முதுகைத் தொலைநோக்கியை உயர்த்திப் பார்க்கிறாள். எல்லைக் கொள்கையைப் பற்றித் தாகூர் எழுதிய வாக்கியம் முழுவதும் அந்த ஒரு காட்சிக்குள் வந்துவிட்டது. ராய் முடிவை மாற்றியிருக்கிறார். நீளும் இரண்டு கைகள் சேர்வதற்கு முன்பே படம் உறைந்துவிடுகிறது. உறைந்த பிறகுதான் திரையில் ‘நஷ்டநீர்’ என்ற சொல் வருகிறது. அழகான முடிவு, இரக்கமான முடிவும் கூட. ஆயினும் எனக்குத் தாகூரின் முடிவுதான் வேண்டும்.

நூல் தேடுகையில் ஒன்றைக் கவனியுங்கள்: வங்காளத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்த்தவர்களின் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். த. நா. குமாரஸ்வாமி போன்றவர்கள் தாகூரை மூலமொழியிலேயே படித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலம் வழியாகச் சுற்றி வரும் மொழிபெயர்ப்பில் அண்ணி–கொழுந்தன் பேச்சின் குறும்பு கரைந்து போய்விடுகிறது. இது பிடித்திருந்தால், தாகூரின் இன்னும் இரண்டு நாவல்கள் உங்கள் கேள்விக்கு நெருக்கமானவை. ஏறக்குறைய அதே காலத்தில் ‘வங்கதர்சன்’ பத்திரிகையில் வந்த ‘சோக்கேர் பாலி’யில் மூன்றாவதாக வருபவள் பினோதினி, ஓர் இளம் விதவை, அவளை வில்லி என்று ஒதுக்கவே முடியாது, அந்தளவுக்கு அறிவும் பசியும் உள்ளவள். 1916இல் நூலாக வந்த ‘கரே பாய்ரே’யில் கணவன் நிகில் தானே மனைவியை வெளியுலகுக்கு அழைத்து வருகிறான், அங்கே சுதேசி இயக்கத்தின் அனலோடு சந்தீப் நிற்கிறான். மூன்று பேரும் ஆளுக்கு ஆள் தம் குரலில் சொல்லும் நாவல் அது. சந்தீப் எனக்குக் கொஞ்சம் கட்டமைத்த பாத்திரமாகத் தெரிகிறான், அரசியல் வாதத்துக்காக வைத்தது போல. உங்களுக்கு அப்படித் தோன்றாமலும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் ‘நஷ்டநீர்’ முதலில்.

முடிவு இப்படி. மைசூரில் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக்கு ஆசிரியராகப் பூபதிக்கு அழைப்பு வருகிறது. தனியாகப் போக முடிவு செய்கிறான். சாரு கேட்கிறாள்: என்னையும் அழைத்துக்கொண்டு போங்கள். அமலின் நினைவு சுவர்சுவராக ஒட்டியிருக்கும் அந்த வீட்டில் தனியாக இருக்க அவளுக்கு அச்சம். பூபதிக்கு அது புரிகிறது. அவன் மனம் கணக்குப் போடுகிறது: நெஞ்சுக்குள் இன்னொருவனைச் சுமக்கும் ஒருத்தியோடு, யாரும் இல்லாத தூர தேசத்தில், ஒவ்வொரு மாலையும் வேலை முடிந்து வந்து நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்? சொல்லிவிடுகிறான்: இல்லை, அது என்னால் முடியாது. சாருவின் முகத்திலிருந்து இரத்தம் முழுவதும் வடிந்துவிடுகிறது. கட்டில் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்கிறாள். அதைப் பார்த்த பூபதி அந்தக் கணமே சொல்கிறான்: வா சாரு, என்னோடு வந்துவிடு.

சாரு சொல்கிறாள்: “நா, தாக்.”

இரண்டே சொற்கள். ‘தாக்’ என்பதற்கு ‘இரு’ என்பதுதான் வேர்ப்பொருள். ‘வேண்டாம், விட்டுவிடுங்கள்’ என்று எழுதினால் அதில் கோபம் தொனித்துவிடும். ‘தேவையில்லை’ என்றால் வீம்பு வந்துவிடும். தமிழில் இதற்கு இம்மி பிசகாத சொல் ஒன்று இருக்கிறது, நம் வீடுகளில் தினமும் புழங்கும் சொல். என் அம்மா பந்தியில் கடைசியாகச் சாப்பிட உட்காருவார். அதற்குள் பொரியல் தீர்ந்துபோயிருக்கும். யாராவது நினைவு வந்து, ஐயோ உங்களுக்கு வைக்கவில்லையே, இதோ என் இலையிலிருந்து தருகிறேன் என்று எழுந்து வருவார்கள். அம்மா கையை இலைக்கு மேல் இலேசாக விரித்துக்கொண்டு சொல்வார்: “இல்லை, இருக்கட்டும்.”